டர்போ காடிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? 7ஆ, 8ஆ, 9ஆ?

செராஸ்_ஜிடிஐ | திங்கள், இரவு 10:12

வணக்கம். ஒரு வாரமாக இதே யோசனை, தூக்கமே வரவில்லை.

என் காடி ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, மார்க் 6, 2 லிட்டர் டர்போ. போன வருடம் ஸ்டேஜ் 1 டியூன் போட்டேன், அதாவது பவர் கூட்ட என்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றினேன். டர்போ, இண்டர்கூலர், எக்ஸாஸ்ட் எதையும் தொடவில்லை. ரோன் 97 பெட்ரோல் மட்டும்தான் ஊற்றுகிறேன். வார நாள்களில் கோலாலம்பூர் எம்ஆர்ஆர்2 வட்டச்சாலை நெரிசலில் ஊர்ந்துபோய் வேலை. ஞாயிறு காலையில் காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் வரை ஓர் ஓட்டம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் நான்காவது கியரில் முழுதாக மிதித்தேன். 3,500 சுற்று தாண்டியதும் காடி உதறியது. என்ஜின் விளக்கு சிமிட்டியது. காலை எடுத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. ஸ்கேனரில் பி0303, மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை.

பிளக் போட்டு 55,000 கிலோமீட்டர் ஆகிறது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதைப் போடுவது? ஒரு வொர்க்‌ஷாப்பில் "டியூன் போட்டால் 8ஆம் எண்தான்" என்றார்கள். டிராக் ஓட்டும் நண்பர் 9 என்கிறார். காடியோடு வந்ததோ என்ஜிகே பிஎஃப்ஆர்7எஸ்8இஜி, அதாவது 7ஆம் எண். யார் சொல்வதைக் கேட்பது?

---

பிறை_விரா_டர்போ | திங்கள், இரவு 10:40

தம்பி, ஒரு படி குளிர்ந்ததைப் போடுங்கள், நிம்மதியாக இருக்கும். என்னுடையது புரோட்டோன் விரா, ஹாஃப்கட்டில் (பாதியாக வெட்டி விற்கும் பழைய காடியில்) வாங்கிய மிட்சுபிஷி 4ஜி93டி டர்போ என்ஜின். முதலில் கடைக்காரர் கொடுத்த 6ஆம் எண்ணோடு ஓட்டினேன். ஒருநாள் விடியற்காலையில் பினாங்குப் பாலத்தில் கொஞ்சம் நீளமாக மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், ஒரு பிளக்கில் தரை மின்முனையின் (நுனிக்கு எதிரே வளைந்து நிற்கும் உலோகத்தின்) நுனி உருகி உருண்டையாக இருந்தது. அந்த உலோகம் டர்போவுக்குள் போயிருந்தால் என் கதை முடிந்தது. அன்றிலிருந்து 8ஆம் எண் காப்பர் பிளக், பொறி பாயும் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். இன்று வரை தொல்லை இல்லை.

பிளக்கில் மிச்சம் பிடிக்கப் போய் பிஸ்டனை இழக்காதீர்கள்.

---

செந்தூல்_ஃபோர்மேன் | செவ்வாய், காலை 6:55

கடை திறக்கும் முன் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல என்ஜினைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த எண். அது பிளக்கின் தரத்தைச் சொல்வதில்லை, பவரையும் சொல்வதில்லை. எரி அறையில் வாங்கிய சூட்டை எவ்வளவு வேகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்தும் என்பதைத்தான் சொல்கிறது. பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு தெரிகிறதே, அது நீளமாக இருந்தால் சூடு வெளியேறும் பாதையும் நீளம். சூடு நுனியிலேயே தங்கும். அது 'சூடான' பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அது 'குளிர்ந்த' பிளக். என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷில் தலைகீழ், எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. இதைத் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிப் போட்டவர் ஒருவர் என் கடைக்கே வந்திருக்கிறார்.

பிளக்கின் நுனி ஏறக்குறைய 500 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் படியும் கரி தானாக எரியாது. கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி நுனிக்கு வராமல் பீங்கான் வழியே கசிந்துவிடும். 850ஐத் தாண்டினால் நுனியே கங்குபோல் ஆகி, பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைக் கொளுத்தும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அதனால்தான். பிறை தம்பி சொன்ன பயம் நியாயமான பயம்.

ஒரு படி மாற்றினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை இறங்கும். இது சின்ன விஷயமில்லை. என்ஜிகே சொல்லும் கணக்கு, கூட்டிய ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி. ஸ்டேஜ் 1இல் உங்களுக்கு எவ்வளவு கூடியிருக்கும்? 40, 50 இருக்கலாம். ஒரு படிக்கே கணக்கு எட்டவில்லை.

இதைவிட முக்கியம், உங்கள் காடிக்கு ஃபேக்டரியே 7ஐத்தான் கொடுத்திருக்கிறது. டர்போ என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். இணையத்தில் எல்லோரும் புகழும் பிகேஆர்7இஐஎக்ஸ் இரிடியத்தை 'ஒரு படி குளிர்ந்தது' என்று விற்கிறார்கள். பெயரைப் பாருங்கள், அதுவும் 7தான். 6ஓடு வந்த காடிக்கு அது ஒரு படி. உங்களுக்கு அதே படி.

பிறை தம்பியின் விராவில் 6 உருகியது, 8 போட்டார், அவருக்குப் பொருந்தியது. அவர் தொடங்கிய இடம் வேறு.

எண்ணை விடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று குறித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். பீங்கானின் நிறம், உள்ளேயும் வெளியேயும். தரை மின்முனையில் நிறம் மாறும் கோடு எங்கே நிற்கிறது (வளைவுக்குப் பக்கத்தில் நின்றால் எண் சரி). இடைவெளி எவ்வளவு. பார்த்துவிட்டு எழுதுங்கள். என்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும்.

---

செராஸ்_ஜிடிஐ | செவ்வாய், இரவு 9:30

அண்ணே, மிக்க நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஆற விட்டுக் கழற்றினேன்.

1, 2, 4: உள்பீங்கான் வெளிர் பழுப்பு. வெள்ளையாக வெளுக்கவில்லை, கொப்புளமோ பளபளக்கும் துகளோ இல்லை. தரை மின்முனையில் நிறக் கோடு வளைவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இடைவெளி மூன்றிலும் 0.95.

3: உள்ளே கொஞ்சம் கறுப்பு, காய்ந்த கரி. இடைவெளி 1.0. வெளிப்பீங்கானில், மேலிருந்து கீழே, பென்சிலால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. துணியால் துடைத்தும் போகவில்லை. அப்புறம், நான்கிலுமே இரும்பு உடலைத் தொடும் இடத்தில் பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறது. புகை கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது.

---

சுங்கை_ஆரா_மின்னியல் | செவ்வாய், இரவு 10:05

இந்த ஒரு பதிவிலேயே விடை இருக்கிறது. மின்பக்கத்தை நான் சொல்கிறேன்.

பழுப்பு வளையத்தை மறந்துவிடுங்கள். அது கரோனா கறை. உயர் மின்னழுத்தத்தைச் சுற்றி மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் பீங்கானில் ஒட்டுவதால் வருவது. கசிவு இல்லை, கெடுதலும் இல்லை. இதைப் பார்த்து நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

அந்தக் கறுப்புக் கோடுதான் குற்றவாளி. பொறி உள்ளே இருக்கும் இடைவெளியைத் தாண்ட முடியாமல், பீங்கானின் வெளிப்பக்கமாக வழுக்கி இரும்பு உடலுக்கு இறங்கியிருக்கிறது. அந்தத் தடம்தான் கோடு.

ஏன் தாண்ட முடியவில்லை? இடைவெளி கூடக் கூட, அதற்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி கூடக் கூட, பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பாஷன் விதி என்று படித்திருப்பீர்கள். டர்போ 1 பார் அழுத்தம் கொடுத்தால் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு உங்கள் இடைவெளி புதிதில் இருந்த 0.8இலிருந்து 1.0க்குத் தேய்ந்திருக்கிறது. நெரிசலில் ஊரும்போது சிலிண்டரில் அழுத்தம் குறைவு, பொறி சுலபமாகப் பாயும், உங்களுக்கு எதுவும் தெரியாது. செம்பா ஏற்றத்தில் முழு டர்போ அழுத்தம் வந்ததும் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) கையை விரிக்கிறது. மின்சாரம் சுலபமான வழியைத் தேடும். பீங்கான் வெளிப்பக்கம் அந்த வழி ஆகிவிட்டது.

8ஆம் எண், 9ஆம் எண் இரண்டுமே இதற்கு மருந்தில்லை. நுனி சூடானதால் வந்த தொல்லை இல்லையே இது. 8ஐப் புதிதாகப் போட்டாலும் உதறல் நின்றிருக்கும், இடைவெளி புதிதாக இருப்பதால். அப்போது 'பார்த்தீர்களா, 8 போட்டதும் சரியாகிவிட்டது' என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இந்தத் தவறான பாடம் இப்படித்தான் பரவுகிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். 3ஆம் காயிலை 1க்கும், 1ஐ 3க்கும் மாற்றிப் போடுங்கள். பழைய பிளக்குகள் அதே இடத்தில் இருக்கட்டும். ஒரு சின்ன ஓட்டம் போய்ப் பாருங்கள். ஸ்கேனர் காட்டும் எண் பி0301 ஆக மாறினால் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் தடம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காயிலை வைத்துக்கொண்டு புதிய பிளக் போட்டால், புதிய பிளக்கிலும் அதே கோடு விழும்.

---

பிறை_விரா_டர்போ | செவ்வாய், இரவு 11:20

ஃபோர்மேன் அண்ணே சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் என்ஜினில் டர்போ, இன்ஜெக்டர் எல்லாமே மாற்றியது, தம்பியுடையது அப்படியில்லை. இருந்தாலும் மனதுக்குள் ஒரு கேள்வி. ஒரு படி குளிர்ந்ததைப் போட்டால் பாதுகாப்பு அதிகம்தானே? நஷ்டம் என்ன?

---

செந்தூல்_ஃபோர்மேன் | புதன், காலை 7:02

நல்ல கேள்வி. நஷ்டம் எம்ஆர்ஆர்2இல் இருக்கிறது.

பத்துமலையிலிருந்து செராஸ் வரை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை வந்து பாருங்கள் தம்பி. முக்கால் மணி நேரம் என்ஜின் சும்மா சுற்றும், பிளக் நுனி சூடேறவே ஏறாது. 7ஆம் எண் அதைச் சமாளிக்கும். 8 தடுமாறும். 9 கரியில் மூழ்கும். இவருடையது நேரடி இன்ஜெக்ஷன் வேறு, கரி கொஞ்சம் கூடவே வரும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நடுக்கம், ஐட்லிங்கில் இருமல், பெட்ரோல் செலவு, கடைசியில் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக்கைக் கெடுக்கும். உங்களுக்குப் பிறையில் வீட்டுக்கும் வேலைக்கும் பத்து நிமிடம், ஓட்டுவதெல்லாம் பாலத்தில். உங்கள் காடிக்கு 8 சரி. அதை மாற்றச் சொல்லவே மாட்டேன்.

அப்புறம், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டுவது) வந்தால் அதற்கு மருந்து பெட்ரோலும் டியூனும்தான். 97க்கு எழுதிய டியூனில் 95 ஊற்றிவிட்டு, குளிர்ந்த பிளக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பீங்கானில் அலுமினியத் துகள் மின்னினால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்தது. அதைப் பார்த்தால் அன்றே காடியை நிறுத்துங்கள்.

---

யாரிஸ்_ஜிஆர்_பெண் | புதன், மதியம் 1:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், டிராக் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வைத்திருக்கிறேன், டியூன் எதுவும் இல்லை. வருடத்துக்கு நான்கைந்து முறை செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவேன்.

சாலையில் முழுதாக மிதிப்பது எத்தனை வினாடி? ஐந்து, ஆறு. செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். கடைசி வளைவுக்கு முன்னும் பின்னும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். அங்கே 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் பிளக் நுனிக்கு ஆற நேரமே கிடைக்காது. குளிர்ந்த பிளக்குக்கு உண்மையான தேவை அங்கேதான். அப்படி இருந்தும் நான் கம்பெனி சொன்ன எண்ணையே போடுகிறேன். மாற்றச் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுகிறேன். இதுவரை கழற்றிய எதிலும் நுனி வெளுத்ததில்லை.

9 சொன்ன நண்பரின் காடி எது, எங்கே ஓட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள் தம்பி.

---

கிள்ளான்_புதியவன் | புதன், இரவு 8:47

எல்லாவற்றையும் படித்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம். இணையத்தில் பாதி விலைக்கு நான்கு இரிடியம் பிளக் வாங்கினேன். பெட்டி அசல்போலத்தான் இருக்கிறது. போட்ட பிறகு ரேடியோவில் கரகரப்பு, என்ஜின் சுற்று ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது. பிளக்கால் இப்படி வருமா?

---

சுங்கை_ஆரா_மின்னியல் | புதன், இரவு 9:10

வரும். உடனே கழற்றுங்கள். மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் மேல்முனைக்கும் நடு மின்முனைக்கும் நடுவில் மின்தடையைப் பாருங்கள். பெயரில் 'ஆர்' இருக்கும் என்ஜிகே பிளக்கில் உள்ளே ஒரு மின்தடை இருக்கும், ஏறக்குறைய 5 கிலோஓம். ரேடியோவையும் கணினியையும் பொறியின் இரைச்சலிலிருந்து காப்பது அதுதான். பூஜ்யம் காட்டினால் உள்ளே வெறும் கம்பி.

---

கிள்ளான்_புதியவன் | புதன், இரவு 10:31

மூன்றில் பூஜ்யம். ஒன்றில் மீட்டர் அசையவே இல்லை. நான்கையும் எடுத்துவிட்டேன். பழையதையே திரும்பப் போட்டிருக்கிறேன்.

---

செந்தூல்_ஃபோர்மேன் | வியாழன், காலை 6:48

நல்லவேளை, சீக்கிரம் பார்த்தீர்கள். போலியில் மின்தடை மட்டும் பிரச்சினை இல்லை. வெப்ப எண்ணையும் நம்ப முடியாது. 7 என்று அச்சடித்திருக்கும், உள்ளே மூக்கு எந்த நீளமோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். டர்போ காடியில் அதைப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுபோல.

அசலில் மரை சுத்தமாக, ஒரே சீராக இருக்கும். எழுத்து கூர்மையாக இருக்கும். நடு மின்முனையும் தரை மின்முனையும் நேருக்கு நேர் நிற்கும். இரிடியம் நுனி ஊசிபோல் மெலிதாக இருக்கும், ஐஎக்ஸ் வகையில் 0.6 மில்லிமீட்டர். தடித்த நுனிக்கு வெள்ளிச் சாயம் பூசியிருந்தால் அது இரிடியம் இல்லை. இன்னொன்று, என்ஜிகே நிறுவனம் 2023இல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரை எங்காவது பார்த்துவிட்டுப் போலி என்று நினைக்க வேண்டாம். பிளக்கின் பெயர் என்ஜிகேதான்.

செராஸ் தம்பி, உலோகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'காப்பர் பிளக்' என்று நாம் சொல்வதில் காப்பர் உள்ளே தண்டில்தான் இருக்கிறது. இரிடியம் பிளக்கிலும் அதே காப்பர் தண்டு உண்டு. வித்தியாசம் நுனியில். காப்பர் பிளக்கின் நுனி நிக்கல் கலவை, 1,450 டிகிரி சொச்சத்தில் உருகும். பிளாட்டினம் 1,768. இரிடியம் 2,400ஐத் தாண்டும். உருகுநிலை கூடினால் நுனியை மெலிதாக்கலாம், மெலிந்த நுனியில் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே பாயும். டர்போவுக்கு இரிடியம் நல்லது என்பது அதனால்தான். நிக்கல் சீக்கிரம் தேயும், ஆனால் மலிவு. அடிக்கடி கழற்றிப் பார்க்கும் பிறை தம்பி மாதிரி ஆளுக்கு அதுவே போதும்.

உங்கள் அசல் பிளக்கில் நடுவிலும் தரையிலும் பிளாட்டினம் இருக்கிறது. ஐஎக்ஸ் இரிடியத்தில் தரைப்பக்கம் சாதா உலோகம், அதனால் ஆயுள் குறைவு. எதை எடுத்தாலும் 7. என்னைக் கேட்டால் அசலையே வாங்குங்கள். இடைவெளியை 0.7க்குக் கொண்டுவாருங்கள். கம்பி அளவியால் அளந்து, தரை மின்முனையை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். காசு வடிவ அளவியை உள்ளே திணித்து நெம்பினால் நடு நுனி உடைந்துவிடும்.

0.5க்குப் போகாதீர்கள். பொறி அணையாது, ஆனால் தீயின் தொடக்கம் சின்னதாக இருக்கும், ஐட்லிங் கெடும்.

மாட்டும்போது கையால் முழுதாகத் திருகி, அப்புறம் டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன்மீட்டர். மரையில் கிரீஸ், ஆன்டி-சீஸ் எதுவும் வேண்டாம். அது வழுக்கி, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகம் இறுகிவிடும். தளர்வாக விட்டாலும் ஆபத்து. சூடு ஹெட்டுக்குப் போவது அந்த மரையும் வாஷரும் வழியாகத்தான். தளர்ந்த 7, சூடான 5 மாதிரி வேலை செய்யும்.

---

செராஸ்_ஜிடிஐ | ஞாயிறு, மதியம் 12:20

காயிலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பி0301 வந்தது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் உறைக்குள் அதே மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மின்னியல் அண்ணன் சொன்னது அப்படியே.

ஒரு காயில் புதிது வாங்கினேன். பிளக் அதே பிஎஃப்ஆர்7எஸ்8இஜி, நான்கிலும் மின்தடையைப் பார்த்துவிட்டு 0.7க்கு வைத்து, 28இல் இறுக்கினேன்.

இன்று காலை ஆறரைக்குக் கிளம்பினேன். கோம்பாக் டோல், அதே ஏற்றம், அதே நான்காவது கியர். 3,500, 4,000, 5,000... ஒரு உதறல் இல்லை. சுரங்கப்பாதை வரை ஒரே இழுப்பு. பெந்தோங்கில் நிறுத்தி ஒரு தேநீர் குடித்தேன், மனது அவ்வளவு லேசாக இருந்தது. 8 சொன்ன வொர்க்‌ஷாப்பில் காயிலைப் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

மீதி மூன்று காயிலையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

---

சுங்கை_ஆரா_மின்னியல் | ஞாயிறு, மதியம் 2:05

உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடும் வெடிப்பும் இல்லை என்றால் வேண்டாம். ஒன்றை மட்டும் வாங்கிக் காடியில் வைத்திருங்கள், வெளியூரில் உதவும்.

---

கிள்ளான்_புதியவன் | ஞாயிறு, இரவு 7:40

பக்கத்துக் கடையில் டென்சோ மட்டும் இருக்கிறது. என்ஜிகே 7க்கு டென்சோவில் எந்த எண்?

---

செந்தூல்_ஃபோர்மேன் | திங்கள், காலை 6:50

22. என்ஜிகே 6க்கு 20, 8க்கு 24. எண் மட்டும் போதாது, மரையின் நீளத்தையும் பழைய பிளக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 19 மில்லிமீட்டரும் உண்டு, 26.5உம் உண்டு. நீளமானது உள்ளே போனால் பிஸ்டனில் இடிக்கலாம்.

செராஸ் தம்பி, 5,000 கிலோமீட்டரில் ஒன்றை மட்டும் கழற்றி, தரை மின்முனையில் நிறம் மாறும் கோடு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.

---

செராஸ்_ஜிடிஐ | நான்கு மாதம் கழித்து, சனி, இரவு 9:15

அண்ணே, 5,200 ஓடியிருக்கிறது. 3ஐக் கழற்றினேன். பீங்கான் வெளிர் பழுப்பு, வெளியே கோடு இல்லை, இடைவெளி 0.7 அப்படியே. நிறம் மாறும் கோடு சரியாக வளைவில் நிற்கிறது.